துணி இருப்பும் நூல் இருப்பும்: அறிகுறி பார்த்துக் கோளாறு தீர்க்கும் வழி

குவில்ட் (துண்டுத் துணிகளை இணைத்து, உள்ளே பஞ்சு விரிப்பு வைத்துத் தைக்கும் போர்வை) தைப்பவர் வீட்டில் துணி மட்டும் இருப்பதில்லை. குரோஷா நூற்கண்டு, ஸ்வெட்டர் பின்ன வாங்கிய கம்பளி, எம்பிராய்டரி நூல் சிட்டங்கள், கிழிந்த பட்டுப் புடவையிலிருந்து வெட்டியெடுத்த முந்தி, குவில்ட்டின் உள்ளே வைக்கும் பஞ்சு விரிப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. பெரும்பாலானவர்கள் இவற்றைக் கைவேலை வாரியாக அடுக்குகிறார்கள். குவில்ட் சாமான் ஒரு தட்டு, பின்னல் சாமான் ஒரு தட்டு, எம்பிராய்டரி ஒரு பெட்டி. பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் பூச்சிக்கும் ஈரத்துக்கும் சாயத்துக்கும் நீங்கள் அதைக் கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்பது பொருட்டே இல்லை. இழை எது என்பதுதான் கணக்கு.

அதனால் இழை வாரியாகப் பிரியுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. பருத்தி குரோஷா நூலும் எம்பிராய்டரி நூலும் பருத்தித் துணியோடு சேரட்டும். பட்டுத் துண்டுகளின் இடம் கம்பளி நூலின் பக்கத்தில். அக்ரிலிக், பாலியஸ்டர் மூன்றாவது குடும்பம். கீழே சொல்லியிருக்கும் கோளாறுகளில் சில இந்த மூன்றும் ஒன்றாகக் கிடப்பதால் வருபவை. தமிழ்நாட்டுச் சமவெளியின் வெப்பத்தையும் கடலோரத்தின் ஈரத்தையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் பூஞ்சணம் பற்றிய பகுதியை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும்.

அறிகுறி: இது என்ன இழை என்றே தெரியவில்லை

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தீர்த்தாக வேண்டும். கடையில் "உல்லன் நூல்" என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்ரிலிக்தான். "காட்டன்" என்று சொல்லி விற்கும் ரவிக்கைத் துணியிலும் பாலியஸ்டர் கலந்திருப்பது உண்டு. லேபிள் இல்லையென்றால் எரித்துப் பார்ப்பதே எளிய சோதனை.

சமையலறைத் தொட்டியில் ஓர் எவர்சில்வர் தட்டை வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். துணியிலிருந்து பாவு நூல் (நீளவாக்கில் ஓடுவது) நான்கைந்து, ஊடை நூல் (குறுக்கே ஓடுவது) நான்கைந்து தனித்தனியாக உருவி முறுக்கி, இடுக்கியால் பிடித்துத் தீயின் ஓரத்துக்கு மெதுவாகக் கொண்டுபோங்கள். பருத்தி சட்டென்று பற்றும், தீயை விலக்கினாலும் எரிந்துகொண்டே இருக்கும். காகிதம் எரியும் வாசம் வரும். மிஞ்சுவது விரல் பட்டாலே உதிரும் சாம்பல். கம்பளியும் பட்டும் தயங்கித் தயங்கி எரியும், தீயை எடுத்ததும் பெரும்பாலும் அணைந்துவிடும். முடி பொசுங்கும் நாற்றம் வரும்; முனையில் திரளும் கறுப்பு உருண்டையை நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டரும் அக்ரிலிக்கும் தீயைக் கண்டு சுருங்கி உருகும். ஆறிய பிறகு மிஞ்சும் கட்டி நகத்தால் அழுத்தினாலும் உடையாது. உருகிச் சொட்டுவது கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும் என்பதால் இடுக்கி கட்டாயம்.

பாவையும் ஊடையையும் தனித்தனியாக எரிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாவில் ஓர் இழையும் ஊடையில் வேறோர் இழையும் ஓடும் துணிகள் நம் சந்தையில் நிறைய. முடிவு தெரிந்ததும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் துணியோடு சேர்த்து வையுங்கள். குண்டூசியால் குத்த வேண்டாம். ஏன் என்பது பின்னால் வருகிறது.

அறிகுறி: ஓட்டை விழுந்திருக்கிறது

ஓட்டை எதில் விழுந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

கம்பளியிலோ பட்டிலோ என்றால் அந்துப்பூச்சியின் புழுவைச் சந்தேகியுங்கள். பறக்கும் பூச்சி எதையும் தின்பதில்லை. முட்டையிலிருந்து வரும் புழுதான் மயிரிழைகளில் உள்ள கெராட்டின் என்ற புரதத்தைத் தின்று வளர்கிறது. அந்துப்பூச்சிக்கு வெளிச்சம் ஆகாது. விளக்கைச் சுற்றும் பூச்சியைப் பார்த்துப் பதற வேண்டாம். நூற்கண்டை இரண்டு கையாலும் விரித்து உள்பக்கம் பாருங்கள். ஒட்டடை போன்ற மெல்லிய குழல், நூலின் நிறத்திலேயே மணல்போல உதிரும் எச்சம், இடையிடையே அறுந்த இழை ஆகியவை இருந்தால் சந்தேகம் உறுதியாகிவிட்டது. நம் வீட்டுச் சுவர்களில் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில், தட்டையாக, இரு முனையும் கூராக, சாம்பல் நிறக் கூட்டை இழுத்துக்கொண்டு ஊர்ந்துபோகும் புழுவைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் அந்துப்பூச்சிக் குடும்பம்தான். ஒட்டடையைத் தின்று பிழைக்கும் அது கம்பளியையும் விட்டுவைக்காது. ஒட்டடை அடிப்பது நூலுக்கும் காவல்.

தீர்வு: பாதிக்கப்பட்டதையும் அதோடு ஒரே பெட்டியில் இருந்த எல்லாக் கம்பளி, பட்டையும் பாலிதீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, இறுகக் கட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தவுடன் பையைத் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும்; இல்லையென்றால் காற்றின் ஈரம் நூலில் படிந்துவிடும். இதற்கிடையே அலமாரியின் மூலை முடுக்குகளை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். முட்டைகள் பெரும்பாலும் அங்கேதான் மிச்சமிருக்கும்.

பருத்தியில் ஓட்டை என்றால் கதை வேறு. சுத்தமான பருத்தியை அந்துப்பூச்சி தேடி வருவதில்லை. துணியின் மேற்பரப்பைச் சுரண்டியதுபோல் ஒழுங்கற்ற மெலிவும், நடுவே கிழிசலும், மஞ்சள் கறையும் தெரிந்தால் அது இராமபாணப் பூச்சியின் வேலை. வெள்ளி நிறத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும் இந்தப் பூச்சிக்கு ஈரமும் மாவுப்பொருளும் இருந்தால் போதும். குவில்ட் தைப்பவர்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். துல்லியமாக வெட்ட வேண்டும் என்பதற்காகத் துணிக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்கிறோம். வெட்டியது போக மிச்சத்தை அப்படியே மடித்து வைக்கிறோம். அது பூச்சிக்கு வைத்த விருந்து. வெட்டப்போகும் அன்றைக்கு மட்டும் கஞ்சி போடுங்கள், மிஞ்சியதை அலசிக் காயவைத்து எடுத்து வையுங்கள். கடையிலிருந்து வந்த புதுத் துணியிலும் பசை இருக்கும் என்பதால் அதையும் அலசாமல் உள்ளே வைக்காதீர்கள்.

அந்துருண்டை வேண்டாம் என்றே சொல்வேன். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு, நாப்தலின் ஏறிய துணியோடு இருப்பதால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் ஆபத்து உண்டு. நாம் தைப்பதில் எத்தனை பங்கு பச்சைக் குழந்தைகளுக்கான போர்வை என்று எண்ணிப் பாருங்கள். அந்துருண்டையோடு கற்பூரத்தையும் சேர்த்து வைக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. இரண்டும் கலந்தால் கோடைச் சூட்டில் இளகித் துணியில் கறை படியும். வசம்பு, காய்ந்த வேப்பிலை ஆகியவற்றை வெள்ளைத் துணியில் முடிந்து வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அவை பூச்சியை அண்டவிடாமல் தடுக்க ஓரளவு உதவுமே தவிர, உள்ளே வந்துவிட்ட புழுவைக் கொல்லா. உண்மையான காவல், வியர்வையும் உணவுக் கறையும் இல்லாமல் துவைத்து உலர்த்திய பிறகே உள்ளே வைப்பது.

அறிகுறி: முதல் சலவையிலேயே சாயம் இறங்கிவிட்டது

மாதக்கணக்கில் கையால் தைத்த வெள்ளைக் கட்டங்களில் பக்கத்துச் சிவப்பு ஊறி நிற்பதைப் பார்ப்பதைப் போன்ற வேதனை இந்த வேலையில் வேறில்லை. அந்த நிமிடத்தில் செய்யக் கூடாதவை இரண்டு: வெயிலில் காயப்போடக் கூடாது, இஸ்திரி வைக்கக் கூடாது. ஈரமாக இருக்கும்வரை மீட்க வழி உண்டு.

பெரிய தொட்டியில் சுமார் 60 டிகிரி சூட்டில் தண்ணீரும் தாராளமாகச் சலவைத் திரவமும் கலந்து, குவில்ட் முழுவதும் மூழ்கும்படி போடுங்கள். எந்த மடிப்பும் தண்ணீருக்கு மேலே தெரியக் கூடாது. 12 மணி நேரம் அப்படியே விடுங்கள். வெந்நீர் ஒட்டாத சாயத்தைக் கழற்றுகிறது. சலவைத் திரவம் அதை மறுபடி துணியில் படியவிடாமல் தண்ணீரிலேயே நிறுத்துகிறது. தண்ணீர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. தண்ணீர் நிறமேறியிருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். பொறுமை இருந்தால் பெரும்பாலான குவில்ட்கள் பிழைத்துக்கொள்கின்றன.

இங்கேதான் இழை வாரியாகப் பிரிப்பதன் அருமை தெரியும். அந்தக் குவில்ட்டில் ஒரு பட்டுத் துண்டு இருந்தாலோ, உள்ளே கம்பளி விரிப்பு வைத்திருந்தாலோ இந்த வெந்நீர் வைத்தியத்தைச் செய்யவே முடியாது. கம்பளி தடித்துச் சுருங்கிவிடும், பட்டு பொலிவிழந்துவிடும். பட்டு கலக்கும் குவில்ட்டைத் துவைக்க வேண்டாத பொருளாக, சுவரில் மாட்டுவதற்கென்று திட்டமிடுங்கள்.

கல் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது தலைமுறைகளாகச் சொல்லப்படுவது. இன்று பருத்திக்குப் பரவலாகப் போடும் ரியாக்டிவ் சாயத்துக்கு அது பொருந்தாது. சாயத் தொட்டியில் சாயத்தை இழையை நோக்கித் தள்ள உப்பு உதவுகிறது என்பது மெய். அதை நிலைநிறுத்துவது சோடா உப்பின் காரத்தன்மை. சாயமேற்றி முடிந்த துணியில் மிச்சமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சாயத்தை உப்புத் தண்ணீர் பூட்டி வைக்காது. வினிகரும் பருத்திக்குப் பயன்படாது. கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் அமிலச் சாயங்களோடுதான் அதற்கு உறவு.

வருமுன் காக்கும் சோதனை இது. இரண்டு அங்குலத் துண்டை வெட்டி, வெள்ளைக் கோப்பையில் வெந்நீரும் இரண்டு சொட்டுச் சலவைத் திரவமும் விட்டு அரைமணி நேரம் ஊறவையுங்கள். பிறகு துண்டை எடுத்துப் பழைய வெள்ளை வேட்டித் துணிமேல் விரித்துக் காயவிடுங்கள். தண்ணீர் நிறமேறியும் வேட்டித் துணியில் கறை படியவில்லை என்றால் அந்தத் துணியைப் பயன்படுத்தலாம். முதல் சலவைக்கு மட்டும் தண்ணீரைத் தாராளமாக விடுங்கள். வேட்டித் துணியில் கறை படிந்தால் துணி முழுவதையும் அலசி அலசி மறுபடி சோதியுங்கள். அப்போதும் படிந்தால் வெள்ளைக்குப் பக்கத்தில் அதை வைக்க வேண்டாம். அடர்சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகியவற்றையும், சுங்குடி, கலம்காரி, அஜ்ரக் துணிகளையும் சோதிக்காமல் விடவே கூடாது. அவுரி (இண்டிகோ) நீலத்துக்கு இன்னொரு குணம் உண்டு. தண்ணீரில் இறங்காவிட்டாலும் உரசினால் ஒட்டும். உலர்ந்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்து அதைத் தனியாகப் பாருங்கள். சிவப்பு எம்பிராய்டரி நூலுக்கும் சிவப்பு குரோஷா ஓரத்துக்கும் இதே கோப்பைச் சோதனைதான். துணியைச் சோதித்துவிட்டு நூலைச் சோதிக்க மறந்து குவில்ட்டைக் கெடுத்துக்கொள்பவர்கள் அதிகம்.

அறிகுறி: மக்கிய வாடை, கரும்புள்ளிகள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் இது தொடங்கும். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நெடுநாள் நிற்கும் இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் அலமாரிக்குள் ஒரு சிறு ஈரப்பதமானியை வைத்து 60க்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. வெறும் வாடை மட்டும் என்றால் உலர்ந்த நாளில் வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள். பருத்திக்கு வெயில் நல்லது. சாயத் துணியை மட்டும் உள்பக்கம் வெளியே தெரியும்படி போடுங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் நிழல் போதும்.

புள்ளி விழுந்திருந்தால் முதலில் வீட்டுக்கு வெளியே வைத்து, நன்றாகக் காயவிட்டு, பிரஷ்ஷால் தட்டி உதிர்த்துவிட்டுத் துவையுங்கள். ஈரமாகத் தேய்த்தால் புள்ளி இன்னும் உள்ளே போகும். வெள்ளைப் பருத்திக்கு ஆக்ஸிஜன் வகை வெளுப்பான் போடலாம். குளோரின் வெளுப்பானைப் பட்டின் பக்கமோ கம்பளியின் பக்கமோ கொண்டுபோகாதீர்கள். புரத இழையை அது அரித்துக் கரைத்துவிடும்.

காற்றுப் புகாத பெட்டியில் போட்டு மூடினால் ஈரம் வராது என்று நினைத்து மழை நாளில் மூடுகிறவர்கள், ஈரத்தையும் சேர்த்தே உள்ளே பூட்டுகிறார்கள். பங்குனி, சித்திரையில் உலர்த்தி, துணியின் சூடு ஆறிய பிறகு மூடுங்கள். பெட்டிக்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். பீரோவை வெளிச்சுவரோடு ஒட்டி நிறுத்தாமல் நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள்.

அறிகுறி: மடிப்பில் மஞ்சள் கோடு, துருப்புள்ளி

மரத்தட்டில் நேராக வைத்த துணியில், மரத்தைத் தொட்ட மடிப்பு மட்டும் பழுத்திருக்கும். மரத்திலிருந்து கசியும் அமிலம்தான் காரணம். பலமுறை துவைத்த பழைய வெள்ளை வேட்டியைத் தட்டில் விரித்து அதன்மேல் அடுக்குங்கள். பட்டையும் அதிலேயே சுற்றி வைக்கலாம். இதைவிட நல்ல உறை காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஜன்னல் வெளிச்சம் படும் மடிப்பு வெளுத்துப்போவது வேறு கோளாறு. அதற்குத் திரை போடுவதும், சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுவதுமே வழி.

துரு, குண்டூசியிலிருந்தோ பீரோவின் பெயின்ட் உரிந்த விளிம்பிலிருந்தோ வரும். வெள்ளைப் பருத்தியானால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசினால் போகும். சரிகை உள்ள துண்டுகளை ரப்பர் பேண்டால் கட்டாதீர்கள். ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைத்துவிடும்.

அறிகுறி: தைத்த கட்டம் நெளிகிறது, சுருங்குகிறது

தைக்கும்போதே நெளிந்தால் அந்தத் துணி நெய்ததா, பின்னியதா என்று பாருங்கள். திருப்பூர் பக்கத்திலிருந்து எடை போட்டு வரும் துண்டுகளில் பனியன் துணி கலந்திருக்கும். அது இழுபடும், பாப்ளின் இழுபடாது. இரண்டையும் சேர்த்துத் தைத்தால் நெளியாமல் என்ன செய்யும்? பனியன் துணியைத்தான் சேர்த்தாக வேண்டும் என்றால், காலருக்கு வைப்பார்களே, இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் கேன்வாஸ், அதன் மெல்லிய வகையை வெட்டுவதற்கு முன்பே பின்னால் ஒட்டிவிடுங்கள்.

துவைத்த பிறகு சுருங்கினால், துணிகள் வெவ்வேறு அளவில் சுருங்கியிருக்கின்றன. ஒவ்வொரு துணியிலும் 10 அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டி, வெந்நீரில் துவைத்து உலர்த்தி அளந்து பாருங்கள். அரை அங்குலம் குறைந்தால் 5 சதவீதச் சுருக்கம். கைத்தறியும் கதரும் மில் துணியைவிட அதிகம் சுருங்கக்கூடியவை. வாங்கி வந்த அன்றே எல்லாவற்றையும் ஒரே சூட்டில் துவைத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

அறிகுறி: கறுப்புத் துணி முழுக்க நூல் பிசிறு

மொஹேர், அக்ரிலிக் போன்ற பஞ்சு பறக்கும் நூல்களைத் துணிக்குப் பக்கத்தில் திறந்து வைத்ததால் வருவது இது. பழைய தலையணை உறைகளில் நூலைப் போட்டு வாயைக் கட்டுங்கள். காற்றும் போகும், பிசிறும் வெளியே வராது. கறுப்புக் கட்டத்தில் உள்ளிருக்கும் பஞ்சே வெளியே வருகிறது என்றால், கறுப்பு நிறப் பஞ்சு விரிப்பு கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

அறிகுறி: ஒரே எண், ஆனால் இரண்டு நிறம்

லேபிளில் நிற எண் ஒன்றாக இருந்தாலும் லாட் எண் (ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுதியைக் குறிப்பது) வேறாக இருக்கும். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை என்றில்லாமல், இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னினால் வேறுபாடு கண்ணில் படாது. நூல் தீரும்வரை லேபிளை நூற்கண்டுக்குள்ளேயே வைத்திருங்கள்.

அறிகுறி: என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருப்பதையே மறுபடி வாங்குகிறேன்

தட்டுகளை எண்ணாதீர்கள், எடை போடுங்கள். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். 44 அங்குல அகலத்தில் ஒரு மீட்டர் பாப்ளின் 130 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதே துணியின் மிச்சக் கட்டு 520 கிராம் என்றால் நான்கு மீட்டர் கையில் இருக்கிறது. துண்டுப் பையையும் இப்படியே அளந்துவிடலாம். நூலுக்கும் இதே கணக்கு. 100 கிராமுக்கு 200 மீட்டர் என்று லேபிள் சொன்னால், 35 கிராம் மிச்சத்தில் 70 மீட்டர் இருக்கிறது. குவில்ட்டைச் சுற்றி குரோஷா ஓரம் போடும்போது, முதல் சுற்றுக்கு முன்னும் பின்னும் நூற்கண்டை எடை போட்டால் இன்னும் எத்தனை சுற்று வரும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

எவ்வளவு வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 60 அங்குலத்துக்கு 90 அங்குலம் குவில்ட்டின் மேற்பக்கத்துக்கு, கால் அங்குலத் தையல் விட்டு, 5 அங்குலச் சதுரமாக வெட்டினால் ஏறக்குறைய 4 மீட்டர் வேண்டும். அதையே 2.5 அங்குலச் சதுரமாக வெட்டினால் 5 மீட்டர் ஆகிவிடும். சதுரம் சிறுக்கச் சிறுக்கத் தையலுக்குள் போகும் துணி கூடுகிறது. பின்பக்கத்துக்குச் சுற்றிலும் நான்கு அங்குலம் கூடுதல் வைத்து, 44 அங்குலத் துணியில் இரண்டு அகலம் இணைத்தால் 5 மீட்டர். எல்லோர் வீட்டிலும் மேற்பக்கத்துக்கான கவர்ச்சித் துணி குவிந்து கிடக்கும், பின்பக்கத்துக்கு ஒரே நிறத்தில் 5 மீட்டர் இருக்காது. அடுத்த முறை கடைக்குப் போகும்போது பூப்போட்ட அரை மீட்டர்களை விட்டுவிட்டு, அந்த 5 மீட்டரைக் கேளுங்கள்.